கலாச்சார அமைச்சராக இருந்தவர்

கவிதா: பெரியப்பா, கல்லூரியில் ஒரு தூதரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் நம் ஆட்களையே எடுக்கிறார்கள். வேறு யாரை எடுக்கலாம்?

பெரியப்பா: பெலாரூஸின் பவெல் லதுஷ்காவை எடும்மா. 1973-ல் அந்நாட்டுத் தலைநகர் மின்ஸ்கில் பிறந்தவர். வெளியுறவு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளராக இருந்து, 2002-ல் போலந்துக்குத் தூதராகப் போனார். அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. 2009 முதல் 2012 வரை கலாச்சார அமைச்சர். அப்புறம் 2019 வரை பிரான்ஸில் தூதர்.

சரோஜா அத்தை: அண்ணா, அப்படியானால் அந்நாட்டு அதிபர் லுகஷென்கோவின் ஆள்தானே?

பெரியப்பா: அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த அரசில்தான் வளர்ந்தார். ஆனால் பாரிஸிலிருந்து திரும்பியபின் மின்ஸ்கில் யாங்கா குபாலா தேசிய நாடக அரங்கின் இயக்குநரானார். கதையே அங்கேதான் இருக்கிறது.

கவிதா: தூதராக இருந்துவிட்டு நாடக அரங்கா!

பெரியப்பா: சாதாரண அரங்கு இல்லை. 1920-ல் தொடங்கியது, பெலாரூசிய மொழியில் நாடகம் போடுவது. மின்ஸ்க் தெருவில் பெரும்பாலும் ரஷ்ய மொழிதான் காதில் விழும். அங்கே அந்த மேடை எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார்.

பெரியப்பா: 2020 ஆகஸ்ட் 9-ல் அதிபர் தேர்தல். லுகஷென்கோவுக்கு 80 சதவீதம் என்று அறிவித்தார்கள். அது மோசடி என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துப்போய் அடித்தார்கள். அரங்கின் கலைஞர்கள் அதைக் கண்டித்தார்கள், இவரும் அவர்களோடு நின்றார். ஆகஸ்ட் 17-ல் பதவி போனது. நீக்கியது எது தெரியுமா? அவர் அமைச்சராக இருந்த அதே கலாச்சார அமைச்சகம்.

முரளி: நடிகர்கள் என்ன செய்தார்கள், சித்தப்பா?

பெரியப்பா: பெரும்பாலானோர் ராஜினாமா செய்துவிட்டார்கள் முரளி. அரங்கின் நூற்றாண்டு விழாவுக்கு ஒரு மாதம்கூட இல்லை! பிறகு தனிக் குழுவாகச் சேர்ந்து யூடியூபில் நாடகம் வெளியிட்டார்கள். எனக்கு அவரைவிட அவர்கள்மேல் மரியாதை அதிகம்.

சரோஜா அத்தை: 2010 டிசம்பரிலும் தேர்தல் முடிந்த இரவில் அடிதடி நடந்ததே. அப்போது இவர் அமைச்சர். ஏன் விலகவில்லை?

பெரியப்பா: நியாயமான கேள்வி சரோஜா. விலகவில்லைதான். கவிதா, இதைக் கட்டாயம் எழுது. அந்தப் பத்து வருடத்தை விட்டுவிட்டால் அவரைப் புகழ்ந்ததாக மட்டும் ஆகிவிடும்.

கவிதா: இப்போது எங்கே இருக்கிறார்?

பெரியப்பா: போலந்தில். தூதராக இருந்த நாட்டிலேயே அடைக்கலம். எதிர்க்கட்சியினரோடு வேலை செய்தார். 2023 மார்ச்சில், அவர் இல்லாமலேயே விசாரித்து 18 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். அந்தத் தேர்தலில் லுகஷென்கோவை எதிர்த்து நின்ற ஸ்வியத்லானா சிகனோவ்ஸ்கயாவுக்கே 15 ஆண்டுதான்.

சரோஜா அத்தை: அடப்பாவமே. வீட்டுக்கே திரும்ப முடியாதே.

பெரியப்பா: முடியாது. கவிதா, விளாதிமிர் மகேய் பற்றியும் ஒரு பத்தி சேர். 2012 முதல் வெளியுறவு அமைச்சர், 2022 நவம்பரில் இறக்கும்வரை அதே நாற்காலியில் இருந்தார். இருவரையும் பக்கத்தில் வைத்து எழுது.

கவிதா: சரி பெரியப்பா. எழுதி முடித்ததும் உங்களுக்கும் அத்தைக்கும் அனுப்புகிறேன்.