கட்டுமரத்தை ஏன் கரையில் அவிழ்த்துப் போடுகிறார்கள்?

கேள்வி: மீன்பிடித்துத் திரும்பியதும் கட்டுமரத்தைப் பிரித்துக் காயவைப்பது எதற்கு? இரும்பு ஆணியால் நிரந்தரமாக இணைத்துவிட்டால் வேலை மிச்சமில்லையா?

பதில் 1: மலைவேம்பு போன்ற எடை குறைந்த மரங்கள்தான் இதற்கு ஆகும். அவை நீரை உறிஞ்சும். ஊறிய மரம் கனத்து, மிதப்பு குறைந்து, பாய் விரித்தாலும் மந்தமாகத்தான் நகரும். சேர்த்தே வைத்தால் இடுக்குகளில் ஈரம் தங்கி மரம் சீக்கிரம் மட்கும். பிரித்துப் போட்டால் எல்லாப் பக்கமும் காயும். தனித்தனியாகத் தூக்குவதும் எளிது.

பதில் 2: ஆணி வேண்டவே வேண்டாம். உப்புநீரில் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். அதைவிட முக்கியம், கரையோர அலை அடிக்கும்போது கயிற்றுக்கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். இறுகிய இணைப்பு பிளந்துவிடும். முன்னும் பின்னும் கயிறு பதியக் காடி வெட்டுவது அவசியம், இல்லையேல் கட்டு வழுக்கும்.

பதில் 3: பாய் கட்டுவதானால் இன்னொன்று. கட்டுமரத்துக்கு அடிக்கட்டை (படகின் அடியில் நீளவாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை) கிடையாது, பக்கக்காற்றில் ஒதுங்கிக்கொண்டே போகும். மரங்களுக்கு நடுவே ஒரு பலகையைச் செங்குத்தாக நீரில் இறக்கினால் ஒதுங்கல் குறையும். கரை நெருங்குமுன் அதை உருவிவிடுங்கள். மணலில் தட்டினால் முறியும்.