டைமர்ல போட்டா வேவ்மேக்கர் ஸ்டார்ட் ஆகல, உர்ர்னு சத்தம் மட்டும் வருது. அவசரம்

மூலக்கடை_ஏஞ்சல் | இரவு 10.52
மீன் தொட்டில வேவ்மேக்கரை (தண்ணியை அலை மாதிரி தள்ளுற சின்ன பம்ப்) டைமர்ல போட்டு நாலு நாள் ஆச்சு. ரெண்டு நாள் நல்லா ஓடிச்சு. இப்ப டைமர் ஆன் ஆனா உர்ர்னு சத்தம் மட்டும், இறக்கை சுத்தல. தண்ணில கை விட்டு விரலால ஒரு தட்டு தட்டினா உடனே ஓடுது. டைமர் இல்லாம ஒரு வருஷம் நிக்காம ஓடின பம்ப். புதுசு வாங்கணுமா? காலைல 6 மணி ஷிஃப்ட், அதுக்குள்ள சொல்லுங்க.

வியாசை_தொட்டி | 10.58
எந்த டைப் பம்ப் ப்ரோ? நேரா பிளக்ல போடுறதா, அடாப்டர் வெச்ச டிசியா? எத்தனை வாட்ஸ்? டைமர் டயலா டிஜிட்டலா? எவ்ளோ நேரம் ஆன், எவ்ளோ ஆஃப்? இது எதுவும் தெரியாம என்ன சொல்றது.

ராயபுரம்_கப்பி | 11.01
டைமர் போச்சு. எனக்கும் இதேதான். உள்ள காண்டாக்ட் கருகியிருந்துச்சு, டைமர் மாத்தினேன், சரியாயிடுச்சு.

லோகோ_பெரம்பூர் | 11.04
கெப்பாசிட்டர் வீக். சீலிங் ஃபேனும் இப்படித்தான், கையால சுத்திவிட்டா ஓடும்.

கொளத்தூர்_சீனியர் | 11.09
20 வருஷமா தொட்டி வெச்சிருக்கேன், இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதியாச்சு. பழைய இழைகளைத் தேடிப் படிச்சுட்டு வந்து கேக்கலாம். காண்டாக்ட் கருகி கரண்ட் வரலன்னா சத்தம் எங்கேர்ந்து வரும்? இந்தச் சின்ன பம்ப்ல கெப்பாசிட்டரே கிடையாது. ஒரு காந்தம், ஒரு காயில், அவ்ளோதான். வோல்டேஜ் லோ. ராத்திரி தெரு முழுக்க ஏசி ஓடுது. ஸ்டெபிலைசர் போடுங்க.

ஒற்றியூர்_ரீஃப் | 11.13
காண்டாக்டும் கெப்பாசிட்டரும் இல்லன்னு அண்ணன் சொன்னது சரி. வோல்டேஜ்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி பம்பைக் கழட்டிப் பாக்கணும். அதைவிட அவசரம் ஒண்ணு இருக்கு. தம்பி, பிளக் ஓடும்போது தண்ணில கை விட்டீங்களா? 230 வோல்ட். இனிமே பிளக்கைப் பிடுங்காம விரல் கூட விடாதீங்க. வீட்ல 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கா? வியாசை கேட்ட விவரத்தையும் சொல்லுங்க.

மூலக்கடை_ஏஞ்சல் | 11.20
நேரா பிளக்தான், 6 வாட்ஸ். டயல் டைமர், 15 நிமிஷம் ஆன் 15 நிமிஷம் ஆஃப். 3 அடி தொட்டி, ஏஞ்சல் மீன் 6. போர் தண்ணி. வேவ் ஓடினா ஏஞ்சல் எல்லாம் மூலைல போய் ஒதுங்குது, கடைல கேட்டேன், டைமர் போட்டு ரெஸ்ட் குடுன்னாங்க. பில்டரும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லதான் இருக்கு. டிரிப்பர் இருக்கான்னு தெரியல.

வியாசை_தொட்டி | 11.22
பில்டரும் டைமர்லயா!! இப்பவே எழுந்து போய் மாத்துங்க ப்ரோ.

ஒற்றியூர்_ரீஃப் | 11.34
ஆமா, அதை முதல்ல செய்ங்க. 15 நிமிஷத்துல பில்டருக்குள்ள மீன் கழிவைச் சுத்தம் பண்ற பாக்டீரியா செத்துடாது. ஆனா டைமர் ஆஃப்லயே சிக்கிக்கிட்டா, நீங்க ஷிஃப்ட் முடிச்சு வர்ற வரைக்கும் உள்ள ஆக்ஸிஜன் இருக்காது. 30 டிகிரி தண்ணில லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் நிக்கும், நம்ம ஊர் வெயில்ல அதுவே கம்மி. பில்டரும் ஏர் பம்பும் 24 மணி நேரம் ஓடணும். டைமர் வேவ்மேக்கருக்கு மட்டும்.

இப்ப பம்ப். இந்த மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது காந்தம் முன்னும் பின்னும் ஆடும், ஏதாவது ஒரு பக்கம் பிடிச்சதும் அந்தப் பக்கமே ஓடும். அப்படி ஆட இடம் வேணும். நிறைய பம்ப்ல இறக்கை காந்தத்தோட இறுக்கமா இருக்காது, பாதிச் சுத்து வரைக்கும் லூஸா திரும்பும். காந்தம் வேகம் எடுத்த பிறகுதான் இறக்கையை இழுக்கும். போர் தண்ணி உப்பு அந்தச் சந்துல படிஞ்சா லூஸ் போயிடும். அப்புறம் காந்தம் துடிக்கும், சுத்தாது. அந்த உர்ர் அதுதான். அப்படியே விட்டா காயில் சூடாகி எரியவும் வாய்ப்பு இருக்கு.

ஒரு வருஷம் எப்படி ஓடுச்சுன்னா, கரண்ட் போய் வந்தா மட்டும்தானே ஸ்டார்ட் ஆக வேண்டியிருந்துச்சு. இப்ப ஒரு நாளைக்கு 48 தடவை.

பிளக்கைப் பிடுங்கி பம்பை வெளிய எடுங்க. முன் மூடியைத் திருகி இறக்கையை நேரா இழுங்க, ஷாஃப்ட் செராமிக்கா இருந்தா மளுக்குன்னு ஒடிஞ்சிடும், ஜாக்கிரதை. ஒரு கைல காந்தத்தைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால இறக்கையைத் திருப்பிப் பாருங்க. ஆடலன்னா அதான் பிரச்சினை. வெள்ளை வினிகர் பாதி, தண்ணி பாதி, ஒரு மணி நேரம் ஊறட்டும். பழைய டூத் பிரஷ்ல காந்தம் உக்கார்ற குழிக்குள்ளயும் தேய்ச்சு நல்லா அலசிட்டுப் போடுங்க.

ராயபுரம்_கப்பி | 11.41
பாதி நேரம் ஓடினா கரண்ட் பில்லும் மிச்சம். அதுக்காகவே நான் எல்லாத்தையும் டைமர்ல போட்டிருக்கேன்.

கொளத்தூர்_சீனியர் | 11.45
கணக்குப் போட்டுப் பேசுங்க. 6 வாட்ஸ் நாள் பூரா ஓடினா ரெண்டு மாசத்துக்கு எட்டரை யூனிட் சொச்சம். பாதின்னா நாலே கால். 100 யூனிட் இலவசத்துல அது எங்க தெரியப்போகுது? மீன் செத்தா என்ன மிச்சம்?

ராயபுரம்_கப்பி | 11.49
என் வீட்ல எட்டுத் தொட்டி, அண்ணா. பில்லு 500 யூனிட் பக்கத்துல போய் நிக்குது. தாண்டினா ஸ்லாபே மாறுது. நாலு நாலா சேர்ந்தாதான் எனக்கு மூச்சு விட முடியும். என் மீன் எதுவும் சாகல.

லோகோ_பெரம்பூர் | 11.53
எட்டுத் தொட்டிலயும் பில்டரை நிறுத்துறீங்களா? அது தப்பு. லைட்டைக் குறைங்க, அதுதான் அதிகம் இழுக்கும்.

வியாசை_தொட்டி | 11.56
பில் பேச்சை வேற இழைல வெச்சுக்கலாமா. மூலக்கடை, ஏஞ்சல் மெதுவா ஓடுற தண்ணி மீன். வேவ்மேக்கரைப் பின்கண்ணாடியப் பாத்து, கொஞ்சம் மேல் நோக்கித் திருப்பி வைங்க. வேகம் கண்ணாடில உடைஞ்சிடும், தண்ணி மேற்பரப்பும் அசையும். டைமரே வேண்டாம்.

ஒற்றியூர்_ரீஃப் | நள்ளிரவு 12.03
அது நல்ல யோசனை. டைமர் வெச்சே ஆகணும்னா பகல்ல 2 மணி நேரம் ஆன், 2 மணி நேரம் ஆஃப் போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொட்டிக்குக் கீழ தரைல கிடந்தா சுவத்துல மாட்டுங்க. ஒயர் பிளக்குக்குக் கீழ ஒரு வளைவு தொங்கிட்டு மேல ஏறணும், அப்பதான் வழியிற சொட்டு பிளக்குக்குப் போகாம தரைல விழும்.

மூலக்கடை_ஏஞ்சல் | மறுநாள் இரவு 9.37
பிரிச்சேன் அண்ணா. இறக்கை காந்தத்தோட கல்லு மாதிரி ஒட்டியிருந்துச்சு. நகத்தால கீறினா வெள்ளையா மாவா உதிருது. வினிகர்ல போட்ட பிறகு லூஸா ஆடுது. சாயங்காலத்துல இருந்து எட்டு தடவை தானா ஸ்டார்ட் ஆயிடுச்சு. பில்டரைத் தனி பிளக்ல போட்டுட்டேன். எல்லாருக்கும் நன்றி, தூக்கம் வருது.

ஒற்றியூர்_ரீஃப் | 9.44
சந்தோஷம் தம்பி. டிரிப்பர் இருக்கான்னு மெயின் போர்டைப் பாத்தீங்களா? "டி"ன்னு ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும்.

வியாசை_தொட்டி | 11.15
பாத்துட்டு எழுதுங்க ப்ரோ.