டாட்சன் 240இசட்: 9 அங்குல ரிம், அகல ஃபெண்டர். வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி

நீலஇசட்:

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 1972 மாடல் டாட்சன் 240இசட். எஞ்சின், பிரேக், வயரிங் எல்லாம் முடித்துவிட்டேன். பாடி இதுவரை அடி வாங்காதது, பின் ஃபெண்டரில் (சக்கரத்தை மூடும் பாடிப் பகுதியில்) இருப்பது தொழிற்சாலையில் போட்ட தகடு. இப்போது ஓடுவது 15 அங்குல விட்டம், 7ஜே (7 அங்குல அகலம்) ரிம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு) பூஜ்யம், டயர் 205/60 (அகலம் 205 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 60 சதவீதம்). எங்கேயும் உரசல் இல்லை.

ஆனால் சின்ன வயதிலிருந்தே என் மனதில் இருக்கும் 240இசட், பக்கவாட்டில் அந்த ஓவர் ஃபெண்டர் புடைத்து நிற்கிற வண்டிதான். 1971இல் ஜப்பானில் மட்டும் வந்த 240இசட்ஜியின் படத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது நல்ல விலையில் ஒரு செட் 15x9 ரிம் கிடைத்திருக்கிறது, ஆஃப்செட் மைனஸ் 13. நான்கு ஃபைபர் ஃப்ளேரும் (ஃபெண்டர் மேல் மாட்டும் அகலப் புடைப்பு) வாங்கி வைத்துவிட்டேன். 225/50 டயர் போடலாம் என்று எண்ணம்.

டிங்கர் வேலை செய்பவர் ஒருவரிடம் காட்டினேன். "ஆர்ச்சை (சக்கரத்தைச் சுற்றி வளையும் ஃபெண்டர் விளிம்பை) இரண்டு அங்குலம் மேலே வெட்டி ஃப்ளேரை வைத்து ரிவெட் அடித்தால் ஒரு நாள் வேலை" என்றார். அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஐம்பது வருடம் தாங்கிய தகட்டை ஒரு தடவை வெட்டினால் வெட்டியதுதான். எவ்வளவு வெட்ட வேண்டும், ரிம் உள்பக்கம் ஸ்ட்ரட்டில் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணில்) இடிக்குமா, ஸ்டீயரிங் எப்படி மாறும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தகரக்கை:

தம்பி, கிரைண்டரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வேலை இல்லை.

240இசட்டில் முன் ஃபெண்டர் போல்ட் போட்டு மாட்டியது. தப்பாக வெட்டினாலும் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். இன்னும் நல்லது, பழைய ஜோடியைக் கழற்றித் துணி சுற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, வேறொரு ஜோடி வாங்கி அதில் வெட்டுவது. பின்பக்கத்துக்கு அந்த வழி கிடையாது. அங்கே வெளியே ஒரு தகடு, சக்கரக் குழிக்குள் ஒரு தகடு, இரண்டும் ஆர்ச் விளிம்பில் வந்து சேர்ந்து ஸ்பாட் வெல்டில் ஒன்றாகின்றன. அந்த விளிம்பை வெட்டி எடுத்தால் வெட்டிப் போடுவது வெறும் தகரம் இல்லை, இரண்டு தகடுகளையும் பிடித்துக்கொண்டிருந்த தையல். தையல் போனால் நடுவே ஒரு வாய் திறக்கும். டயர் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் நேராக அந்த வாய்க்குள்தான் போகும். ஒரு நாள் வேலை என்று சொன்னவர் அந்த வாயை எதை வைத்து மூடுவார் என்று கேளுங்கள்.

என்னிடம் இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. வெளியே பெயிண்ட் கண்ணாடி போல இருந்தது. ஃப்ளேரைக் கழற்றினால் முந்தைய பட்டறை அந்த இடைவெளி முழுக்க ஃபோம் அடித்து மேலே சீலன்ட் பூசியிருந்தது. ஃபோம் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துவிட்டு அங்கேயே வைத்திருந்திருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினேன், தகடு அப்பளம் மாதிரி உள்ளே போனது. கீழே பாக்கெட்டில் கைப்பிடி அளவு துருத்தூள்.

சரியான முறை இது. ஃப்ளேரை வைத்து வெளித்தகட்டில் கோடு போடுங்கள். வெளித்தகட்டை மட்டும் அந்தக் கோட்டுக்கு வெட்டுங்கள், உள்தகட்டைத் தொடாதீர்கள். பிறகு உள்தகட்டில் 25 மி.மீ.க்கு ஒன்றாகச் சீப்புப் பல் மாதிரி கீறல் போட்டு, ஒவ்வொரு பல்லையும் சுத்தியால் வெளிப்பக்கம் மடக்கி, வெளித்தகட்டோடு சேரும்படி கொண்டுவந்து வெல்டிங் வையுங்கள். ஒரே ஓட்டமாக இழுக்கக் கூடாது. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, நடுவில் ஆற விட வேண்டும். இல்லையென்றால் சூட்டில் வெளித்தகடு அலை அலையாகிவிடும், அப்புறம் பட்டி போட்டே வாழ வேண்டியதுதான். கீறலின் இடைவெளிகளையும் வெல்டால் அடைத்து, தேய்த்து, பிரைமர், அதன் மேல் சீம் சீலன்ட்.

முக்கியமானது ஒன்று. இந்த வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றும் வாய் வலது பின் ஃபெண்டரில்தான் இருக்கிறது. பின்பக்கம் தீப்பொறி பறக்கும் எந்த வேலைக்கும் முன்னால் டேங்க், ஹோஸ் எல்லாம் கழற்றி வெளியே போக வேண்டும், பேட்டரியும்தான். இதைச் சோம்பல்பட்டுத் தவிர்க்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

அளவுகோல்:

தகரக்கை அண்ணன் சொன்னதற்கு மேல் தகட்டைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் கணக்கை மட்டும் போடுகிறேன், ஏனென்றால் "இரண்டு அங்குலம் வெட்டு" என்பது எங்கிருந்து வந்த எண் என்றே புரியவில்லை.

ரிம்மின் ஜே அளவு என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். விளிம்பு முதல் விளிம்பு வரை அளந்தால் சுமார் ஓர் அங்குலம் கூட வரும். உங்கள் 7ஜே மொத்தம் 8 அங்குலம், அதாவது 203 மி.மீ. ஆஃப்செட் பூஜ்யம் என்பதால் ஹப் முகத்திலிருந்து (சக்கரம் போல்ட் போட்டு உட்காரும் இடம்) உள்ளே 101.5, வெளியே 101.5. புதிய 9ஜே மொத்தம் 254 மி.மீ., பாதி 127. மைனஸ் 13 அதை வெளியே தள்ளுகிறது: உள்ளே 114, வெளியே 140.

இத்தோடு நிறுத்தினால் கணக்கு தப்பு. இப்போது உங்கள் 205 டயர் 7ஜே ரிம்மில் பிதுங்கி நிற்கிறது, அதன் வயிறு ஏறக்குறைய 219 மி.மீ. அகலம் இருக்கும், பக்கத்துக்கு 109 அல்லது 110. ஆகவே உள்பக்கம் நீங்கள் இழக்கப் போவது 4, 5 மி.மீ. மட்டுமே. வெளிப்பக்கம் கூடுவது 30 மி.மீ. இந்த வண்டியில் முன்னும் பின்னும் ஸ்ட்ரட் என்பதால், டயர் முதலில் முத்தமிடும் இடம் ஸ்ப்ரிங் உட்காரும் தட்டு. இப்போது டயருக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவே எத்தனை மி.மீ. என்று நான்கு சக்கரத்திலும் அளந்து சொல்லுங்கள். 10க்கு மேல் இருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் 2.5 அங்குல ஸ்ப்ரிங் போடும் காயில்ஓவர் (ஒல்லியான ஸ்ப்ரிங்கை ஷாக்கைச் சுற்றி மாட்டும் செட்) வேண்டும்.

இன்னொன்று, 225/50 டயருக்கு 9ஜே அதிகம். அந்த அளவுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் வரம்பு 6 முதல் 8 அங்குல ரிம் வரைதான். 9இல் இழுத்து மாட்டினால் டயரின் பக்கச் சுவரும் ரிம் விளிம்பும் ஒரே மட்டத்தில் வந்துவிடும், ஓரக் கல்லில் உரசினால் முதலில் அடி வாங்குவது ரிம். உயரமும் குறைகிறது. 205/60இன் விட்டம் 627 மி.மீ., 225/50இன் விட்டம் 606. ஸ்பீடோமீட்டர் இப்போது சரியாகக் காட்டுகிறது என்றால், பிறகு 100 காட்டும்போது உண்மையில் 97க்குக் கொஞ்சம் கீழேதான் ஓடுவீர்கள்.

டயரை முதலில் முடிவு செய்யுங்கள், அதற்கு ஏற்ற ரிம், கடைசியில்தான் ஃபெண்டர். நீங்கள் தலைகீழாக வாங்கியிருக்கிறீர்கள்.

மலைப்பாதை:

நான் இதே வண்டியை 9ஜேயிலும் 8ஜேயிலும் ஓட்டியவன். அதனால் ஸ்டீயரிங்கைப் பற்றி மட்டும்.

சக்கரத்தின் நடுக்கோடு வெளியே போகப் போக, ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு பள்ளமும் அந்தத் தூரத்தை நெம்புகோலாக்கிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடுங்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி இது. 9ஜே போட்ட முதல் வாரம் நிறுத்துமிடத்தில் திருப்பும்போது தோள் வலித்தது. வேகத்தில் போகும்போது, ஒரு சக்கரம் மட்டும் ஈரத்தில் இருக்க பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வீல் பேரிங் மீது விழும் சுமையும் கூடும், அதை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வண்டியின் அழகே முன்பக்கம் லேசாக, பேசுகிற மாதிரி இருப்பதுதான். அதை இழந்து தோற்றத்தை வாங்குவது எனக்கு ஏற்கவில்லை. 8ஜேக்கு மாறினேன், ஃப்ளேர் அப்படியே இருக்கிறது, வண்டி திரும்பவும் என் வண்டி ஆனது.

1973 போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7ஐப் பாருங்கள். முன்னால் 6 அங்குலம், பின்னால் 7 அங்குலம், அவ்வளவுதான். ஃபெண்டரை அகலப்படுத்தியது பின்பக்கம் மட்டும், அதுவும் டயருக்குத் தேவையான அளவு. ஐம்பது வருடமாக அந்த உடம்பை எல்லோரும் ரசிக்கிறோம். டயர் நிறைத்து நிற்கிற ஃபெண்டர்தான் கண்ணுக்கு அழகு, அகலம் எத்தனை அங்குலம் என்று யாரும் டேப் வைத்துப் பார்ப்பதில்லை.

ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டு) போட்டு இடத்தை நிரப்பலாம் என்று யாராவது சொன்னால், ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் சக்கர போல்ட்டில்) நட் எத்தனை சுற்று பிடிக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். 12 மி.மீ. ஸ்டட்டில் குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும் இந்த வண்டியின் மரைக்கு அது ஒன்பதரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். அதற்குக் குறைந்தால் நீள ஸ்டட் மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

நீலஇசட்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்கக் காரின் அடியில்தான் இருந்தேன். ஸ்ப்ரிங் தட்டுக்கும் டயருக்கும் இடைவெளி முன்னால் 14 மி.மீ. இரண்டு பக்கமும், பின்னால் இடது 13, வலது 11. இடமும் வலமும் ஏன் வித்தியாசம்? வெளிப்பக்கம் இப்போது டயர் ஃபெண்டர் விளிம்புக்கு 8 மி.மீ. உள்ளே நிற்கிறது.

9ஜே செட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். 8ஜே, ஆஃப்செட் பூஜ்யம், 225/50. கணக்குப் போட்டுப் பார்த்தேன், டயர் 243 மி.மீ. அளவு வருகிறது, பக்கத்துக்கு 12 கூடும். அப்படியானால் பின்னால் வலது பக்கம் தட்டில் இடிக்கும், சரியா? மைனஸ் 6 ஆஃப்செட் கிடைத்தால் உள்ளே 6தான் குறையும். அப்புறம் ஃப்ளேரை ரிவெட் அடிக்காமல் கழற்றி மாட்டும்படி வைக்க வழி உண்டா?

அளவுகோல்:

கணக்கு சரி. மைனஸ் 6 கச்சிதம். வெளிப்பக்கம் 18 கூடும், இப்போது 8 உள்ளே இருப்பதால் விளிம்பைத் தாண்டி 10 மி.மீ.தான் வெளியே வரும். இடம் வலம் 2 மி.மீ. வித்தியாசம் இந்தக் கால வண்டிகளில் சாதாரணம், புஷ் தேய்ந்திருந்தாலும் வரும். சின்ன எண்ணை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்யுங்கள்.

தகரக்கை:

தம்பி, 10 மி.மீ. என்றால் உங்கள் வேலை பாதியாகிவிட்டது. பின்னால் உள் மடிப்பை உருட்டி மேலே மடக்கினாலே போதுமாக இருக்கலாம், தையல் அப்படியே இருக்கும். வெட்டலாமா என்பதை ரிம் வந்தபிறகு வண்டியே சொல்லும். ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தோடு ஸ்ட்ரட்டை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) தொடும்வரை தூக்குங்கள். முன்னால் அதே நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். ஆர்ச் உள்ளே களிமண் உருண்டை ஒட்டி வைத்தால் எங்கே எவ்வளவு நசுங்குகிறது என்று கையில் தெரியும். நசுங்கிய இடத்துக்கு மட்டும் வேலை.

ஃப்ளேருக்கு ரிவெட் வேண்டாம், ரிவ்நட் (தகட்டு ஓட்டையில் நிரந்தரமாகப் பதியும் மரை போட்ட நட்) வைத்து ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுங்கள். ஒவ்வொரு ஓட்டையின் வெட்டு முகத்திலும் துத்தநாக பிரைமரைத் தூரிகையால் தொட்டு வையுங்கள், காய்ந்த பிறகுதான் ரிவ்நட். ஃபைபருக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் பீடிங் கட்டாயம், இல்லாவிட்டால் அதிர்விலேயே ஃபைபர் பெயிண்டைத் தின்றுவிடும். வருடத்துக்கு ஒரு தடவை ஃப்ளேரைக் கழற்றி உள்ளே கழுவுங்கள். ரிம் வந்ததும் களிமண் நசுங்கிய படத்தைப் போடுங்கள், கோடு எங்கே போடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

நீலஇசட்:

மைனஸ் 6க்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன் அண்ணா. ஆறு வாரம் ஆகுமாம். அதுவரை டேங்கை இறக்கி ஹோஸ் எல்லாம் மாற்றி வைக்கிறேன். வெட்டுகிறோமோ இல்லையோ, அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை.