கட்டிலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்

புதுச்சேரி மியூசியம் போய்வந்தவர்கள் எல்லோரும் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவின் கட்டிலையும் ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியையும் பற்றித்தான் சொல்கிறார்கள். சரி, அவையும் பார்க்க வேண்டியவைதான். பாரதி பூங்கா பக்கம் செயின்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சுக் காலக் கட்டடம் அது. சுவரின் கனத்தையே நின்று பார்க்கலாம்.

ஆனால் ஏழாவது படிக்கும் என் அக்கா மகன் நகர மறுத்தது சிப்பிகள் வைத்திருக்கும் இடத்தில். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "மாமா, இதெல்லாம் நம்ம பீச்ல கிடைக்குமா?" என்றான். பீச் எதற்கு, ஒரு காலத்தில் கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கும் வழுதாவூரிலேயே கடல் இருந்தது என்றேன். கதை விடுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

கதை இல்லை. வழுதாவூர், சேதராப்பட்டுப் பக்கத்துப் பாறைகள் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தவை. கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி வட்டாரத்தில் சேகரித்த கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவங்களை ஆராய்ந்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1846இல் விரிவாக எழுதினார். அவற்றில் அம்மோனைட்டும் உண்டு, அதாவது சுருள் ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரி. பூஜை அறைச் சாளக்கிராமத்தில் சக்கரம் தெரிகிறதே, அதுவும் அம்மோனைட்டின் சுவடுதான். இதைச் சொன்னதும்தான் பையன் பாதி நம்பினான். இன்று அந்த வழியில் பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படுவது தொழிற்பேட்டை மட்டுமே!

— — —

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். வழுதாவூர் வரை வந்தவர் திருவக்கரையை விட்டுவிட்டீர்களே. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் கால்வாசிப் பேர்கூடக் கல்மரப் பூங்காவுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நாங்கள் தரிசனம் முடிந்ததும் அங்கே ஒரு நடை போவோம். செம்மண்ணில் கிடக்கும் அடிமரத்தில் கணு தெரியும், வளையம் தெரியும். கை வைத்தால் சுத்தமான கல். கிளை, இலை, வேர் எதுவும் காணோம். எங்கோ வளர்ந்ததை ஆற்று வெள்ளம் உருட்டிவந்து மணலில் புதைத்திருக்கிறது, அப்புறம் சிலிக்கா என்ற கனிமம் ஊறிக் கல்லாகியிருக்கிறது என்கிறார்கள். வயது சுமார் 2 கோடி ஆண்டு. இந்த மரங்கள் புதைந்திருக்கும் பாறைக்குப் புவியியலில் பெயரே கடலூர் மணற்கல்! எங்கள் ஊர்ப் பெயர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமை.

பையனைக் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். ஒரு சில்லைக்கூடப் பையில் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம், வெயில் கொளுத்தும்.