ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மன் படங்களை எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

மழைக்குருவி:
எல்லோரும் 'பெர்சோனா' என்கிறார்கள், போட்டால் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். எளிதாக உள்ளே போக எந்தப் படம் சரி?

கடைசிவரிசை:
'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' (1957) பாருங்க. பட்டம் வாங்க காரில் கிளம்பும் ஒரு வயதான டாக்டர், வழியெல்லாம் பழைய நினைவுகள், அவ்வளவுதான் கதை. டாக்டராக நடித்த விக்டர் ஷோஸ்ட்ரம் தானே ஒரு பெரிய இயக்குநர், ஊமைப்பட காலத்து ஆள், அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், அந்த முகத்துக்காகவே பார்க்கலாம். சாவோடு சதுரங்கம் ஆடும் 'தி செவன்த் சீல்' படமும் அதே வருஷம்தான். ஒரே வருஷத்தில் இப்படி இரண்டு!

நிழலாட்டம்:
நான் 'ஃபேனி அண்ட் அலெக்ஸாண்டர்' (1982) என்பேன். பெர்க்மனின் அப்பா லூத்தரன் பாதிரியார், கண்டிப்பான வீடு. படத்தில் வரும் பிஷப் மாற்றாந்தகப்பனைப் பார்த்தால் அந்த பயம் புரியும். நான்கு ஆஸ்கர், அதில் ஒன்று ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட்டுக்கு. முடிந்தால் ஐந்து மணி நேர டிவி வடிவத்தையே பாருங்கள், தியேட்டர் வடிவத்தில் நிறைய போய்விட்டது.

மழைக்குருவி:
ஐந்து மணி நேரமா! சரி, ஸ்ட்ராபெரியே முதலில். பெர்க்மனை வரி விவகாரத்தில் கைது செய்தார்களாமே, உண்மையா?

நிழலாட்டம்:
உண்மைதான், 1976ல், ஸ்டாக்ஹோமில் நாடக ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸ் வந்து கூட்டிப்போனது. வழக்கு அப்புறம் கைவிடப்பட்டது, ஆனால் மனுஷன் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு நாட்டையே விட்டு ம்யூனிக் போய்விட்டார். கடைசிக் காலத்தில் ஸ்வீடனின் ஃபாரோ தீவுக்கே திரும்பினார், 2007ல் இறந்ததும் அங்கேதான்.