ஃபோட்டோலையேஸ் மனித செல்லில் வேலை செய்யவில்லை, கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் ஃபோட்டோலையேஸ் ஜீனை மனித செல்களில் போட்டிருக்கிறேன். புற ஊதா ஒளி பட்டு டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் தைமின் ஜோடிகளை நீல ஒளியின் ஆற்றலால் பிரித்துவிடும் நொதி இது. மனிதர்களுக்குக் கிடையாது, கங்காரு இனங்களுக்கு உண்டு, பொறாமையாகத்தான் இருக்கிறது!

புரதம் உருவாகியிருக்கிறதா என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பட்டை பளிச்சென்று தெரிகிறது. ஆனால் ஒரு மணி நேரம் நீல ஒளி காட்டிய தட்டுக்கும் இருட்டில் வைத்த தட்டுக்கும் டிஎன்ஏ சேதத்தில் வித்தியாசமே இல்லை. பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது. அதனால் இந்தப் புரதத்தில் உட்கருவுக்குள் நுழையும் சமிக்ஞையும் இல்லை. உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிடுகிறதோ என்று சந்தேகம். எஸ்வி40 வைரஸிலிருந்து எடுத்த உட்கரு நுழைவு சமிக்ஞையை எந்த முனையில் சேர்த்தால் புரதத்தின் மடிப்பு கெடாது? அப்புறம், இந்த நொதி வேலை செய்ய எஃப்ஏடி என்ற துணை மூலக்கூறு வேண்டும்; செல்லில் இருக்கும் அளவே இதற்குப் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.