கான்கிரீட் இறங்குவது ஐந்து வருடத்தில் நின்றுவிடுமா?

நெடும்பாலம்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "க்ரீப் ஐந்து வருடத்தில் முடிந்துவிடும், அதற்கு மேல் இறங்கினால் கட்டியவன் தப்பு." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. க்ரீப் என்பதே பாரத்தைத் தாங்கித் தாங்கிக் கான்கிரீட் நாளாக ஆக மெல்ல இறங்குவதுதான், பாரம் மேலே இருக்கும்வரை அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பலாவ் நாட்டில் கோரோர்-பாபெல்டாப் பாலம், 1977-ல் கட்டியது, நடு ஸ்பான், அதாவது இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள தூரம், 241 மீட்டர். 18 வருடத்தில் நடுப்பகுதி 1.39 மீட்டர் தொங்கிப்போனது, அப்போதும் நிற்கவில்லை. ஐந்து வருடமாம்!

சைட்டுக்காரன்: எழுதியது நான்தான், நேராகவே கேட்கலாம். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் ஏ.சி.ஐ 209 சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். மொத்த க்ரீப்பில் 5 வருடத்தில் 90 சதவீதம், 30 வருடத்தில் 96. தொண்ணூறு வந்தால் முடிந்த மாதிரிதான். அப்புறம், உங்கள் பாலம் 1996-ல் விழுந்தது பழுதுபார்த்த மூன்றே மாதத்தில். அது க்ரீப் கணக்கில் வராது.

நெடும்பாலம்: விழுந்ததைப் பற்றி நான் பேசவே இல்லை, தொங்கியதைப் பற்றிப் பேசினேன். அந்தத் தொங்கலைச் சரிசெய்யத்தானே பழுதுபார்த்தார்கள்? உங்கள் சூத்திரமே கடைசியில் ஓர் எல்லையில் போய் முட்டுகிற மாதிரி எழுதப்பட்டது, அதிலிருந்து 90 வராமல் வேறென்ன வரும்? க்ரீப் ஆராய்ச்சியாளர் பஸாந்தின் குழு பலாவ் பாலத்தைத் திரும்பக் கணக்கிட்டது, அவர்களுடைய பி3 என்ற கணக்கு முறையில் அப்படி எல்லையே கிடையாது. நாட்களை மடக்கை அளவில், அதாவது ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு கூடுகிற மாதிரி, வைத்து வரைந்தால் கோடு நேராகப் போகும். 1-லிருந்து 10 வருடத்துக்குள் எவ்வளவு இறங்குமோ, கிட்டத்தட்ட அதே அளவு 10-லிருந்து 100 வருடத்துக்குள்ளும் இறங்கும். சாதாரண கிராஃப் தாளில் வரைந்தால் படுத்துவிட்ட மாதிரி தெரியும், அதைப் பார்த்துத்தான் நின்றுவிட்டது என்கிறீர்கள்.

சொல்லாய்வன்: க்ரீப் க்ரீப் என்றே எழுதுகிறீர்கள். ஊர்வு என்று அழகான சொல் இருக்கிறதே.

சைட்டுக்காரன்: சைட்டில் போய் ஊர்வு என்றால் பாம்பா என்று கேட்பார்கள் சார்.

திருச்சி உமா: எங்கள் வீட்டுப் பால்கனிக் கதவின் நிலைக்கு மேலே பீம். வீடு கட்டி 14 வருடம். கதவின் மேல் விளிம்பைத் தச்சர் மூன்று முறை சீவிவிட்டார், இப்போது மறுபடியும் தட்டுகிறது. பீமைத் தாங்கிய முட்டுக்கட்டைகளை ஏழாம் நாளே பிரித்தார் எங்கள் மேஸ்திரி.

சைட்டுக்காரன்: மழையில் மரம் ஊதியிருக்கும்.

திருச்சி உமா: சித்திரை வெயிலிலும் தட்டுகிறது அண்ணா.

நெடும்பாலம்: ஏழாம் நாள், அதுதான் விஷயம்! முட்டு போனதும் பாரம் முழுக்க இளம் கான்கிரீட் மேல் வந்துவிடும். இந்தியக் கான்கிரீட் விதிநூல் ஐ.எஸ் 456-ஐப் பாருங்கள், க்ரீப் எண் என்றால் பாரம் ஏற்றியதும் வருகிற சுருக்கத்தைப்போல் எத்தனை மடங்கு பின்னால் க்ரீப்பாக வரும் என்பது; 7 நாளில் பாரம் ஏற்றினால் 2.2, 28 நாளில் ஏற்றினால் 1.6. சைட்டுக்காரன், ஐந்து வருடத்தில் நின்றது என்கிறீர்களே, கட்டிக்கொடுத்த ஒரு பீமையாவது பத்து வருடம் கழித்துப் போய் மட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவி வைத்து அளந்தீர்களா?

சைட்டுக்காரன்: சாவி கொடுத்த வீட்டுக்குள் யார் விடுவார்கள்?

நெடும்பாலம்: அளக்காமலே நின்றது என்றால் எப்படி?

சைட்டுக்காரன்: 90 சதவீதம் என்று சூத்திரம் சொல்கிறது. தப்பென்றால் கமிட்டிக்கு எழுதுங்கள், எனக்கு நாளைக்கு ரூஃப் காங்கிரீட் இருக்கிறது.

சொல்லாய்வன்: ஊர்வு.